ஒழுகும் இடம் வேறு, ஊறும் இடம் வேறு

கேள்வி: ஐயா, ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக பெல் ஹவுசிங் (என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக் கூடு) அடியில் ஆயில் சொட்டுகிறது. ஆயில் பிரஷர் மீட்டர் முள்ளும் சரியில்லை. 50-இல் நிற்கும், சடாரென்று பூஜ்யத்துக்கு வரும், மறுபடி ஏறும். பின் கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் பின் முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, பேரிங்கும் தேய்ந்துவிட்டது, என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கிவிடலாமா?
- வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: இப்போதைக்கு இறக்காதீர்கள். அதற்கு முன் அரை நாள் வேலை இருக்கிறது, செலவு அதிகம் இல்லை.

முதலில் முள். பேரிங் தேய்ந்த என்ஜினில் முள் இப்படித் துள்ளாது. காலையில் நன்றாகக் காட்டும், சூடு ஏற ஏற மெல்ல இறங்கும், ஐட்லிங்கில் ரொம்பத் தாழும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஏறும். சடாரென்று விழுந்து எழுவது பெரும்பாலும் வயர் அல்லது சென்டர் யூனிட் (sender, ஆயில் பிரஷரை அறிந்து மீட்டருக்குச் சொல்லும் உறுப்பு) கோளாறு. ஆனால் நீங்கள் போடிமெட்டு ஏறுகிறவர் என்பதால் ஒன்றைக் கவனியுங்கள்: முள் எங்கே விழுகிறது? கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது மட்டும் விழுந்தால் சம்ப்பில் (என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) ஆயில் குறைவாக இருக்கலாம். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிட, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கும்போது விழுந்தால் வயரைப் பாருங்கள். எப்படியானாலும் இன்றே, சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு டிப் ஸ்டிக்கைப் பாருங்கள்.

அடுத்து ஒழுகல். ஆயில் ஊறுவது மேலே எங்கோ இருக்கும். ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளும், கடைசியில் பெல் ஹவுசிங் அடியில் வந்துதான் சொட்டும். அதனால் பின் சீல் செய்யாத குற்றத்துக்கெல்லாம் அதன்மேல் பழி விழுகிறது. டீசலும் பிரஷும் வைத்து என்ஜினைச் சுத்தமாகக் கழுவுங்கள். ஆல்டர்னேட்டரை பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். டாப்பெட் கவர் (என்ஜினின் மேல் மூடி) பேக்கிங்கின் பின் மூலை, சென்டர் யூனிட், ஆயில் ஃபில்டர், கடைசியில்தான் சீல். எந்த இடத்தில் பவுடர் முதலில் நனைகிறதோ, அதுதான் ஊற்று.

என் சந்தேகம் சென்டர் யூனிட்மேல்தான். அதன் வயரைக் கழற்றிப் பாருங்கள். முனையில் ஆயில் ஈரம் இருந்தால் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது என்று அர்த்தம். ஆயிலும் அதன் வழியாகத்தான் வருகிறது, முள்ளும் அதனால்தான் துள்ளுகிறது. புதுசு மாட்டினால் இரண்டு தொல்லையும் ஒன்றாகத் தீரும். ஆயில் பிரஷரில் வெளியேறுவதால் ஓடும்போதுதான் அதிகம் கசியும். இரவு அடியில் ஓர் அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்து, ஓடி வந்தபின் மட்டும் நனைந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

பழைய சென்டரைக் கழற்றும்போதே அந்த ஓட்டையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை (வயர் இல்லாமல் பிரஷரை நேரடியாகக் காட்டும் மீட்டரை) மாட்டி, சூடான என்ஜினில் பார்த்துவிடுங்கள். 1000 ஆர்.பி.எம்-க்கு 10 பவுண்டு (psi) பிரஷர் என்பது பட்டறைக் கணக்கு. உங்கள் வண்டியின் புத்தகம் சொல்வதுதான் முடிவு. கேஜிலும் குறைவாக வந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம். அப்போதும் சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரை முதலில் பாருங்கள். சம்ப் ஒழுகுகிறது என்று சிலிக்கான் பசையை அள்ளி அப்பியிருப்பார்கள். உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்துவிடும். ஒழுகலை நிறுத்தப் போட்ட பசையே பிரஷரைக் குறைத்ததைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆயில் லைட் எரிகிறது என்று ஒரு வேன் என்ஜினை முழுக்கப் பிரித்தோம். பேரிங்கில் ஒரு கீறல் இல்லை. கெட்டது சுவிட்ச் மட்டும்தான். வேன்காரர் மூன்று வாரம் ஓட்டமில்லாமல் தினமும் பட்டறை வாசலில் வந்து நின்றார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சுகிறேன்.

ஒருவேளை சீல்தான் என்று தெரிந்தாலும், மாற்றுவதற்குமுன் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். என்ஜினுக்குள் சேரும் காற்று வெளியே போக வழி இல்லையென்றால், அது தள்ளித் தள்ளி புது சீல் வழியாகவும் ஆயில் ஒழுகும்.

கேள்வி: டிராக்டரில் காலையில் ஆயில் பிரஷர் 70 காட்டுகிறது, மதியம் 40. ஏதாவது கோளாறா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: இல்லை. குளிர்ந்த ஆயில் கெட்டி, அதனால் முள் ஏறி நிற்கும். ஸ்டார்ட் செய்தவுடன் முறுக்காமல் இரண்டு நிமிடம் விடுங்கள், போதும். சூடேறிய பிறகும் முள் கடைசியிலேயே நின்றால்தான் ரிலீஃப் வால்வ் (மிஞ்சிய பிரஷரைத் திறந்துவிடும் வால்வ்), வயர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் டீசல் காரில் ஆயில் குறைவதே இல்லை. டிப் ஸ்டிக்கில் அளவு முன்பைவிட ஏறியிருக்கிறது. என்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் அம்மா, இது ஒழுகலைவிட மோசம். ஆயில் தானாகப் பெருகாது, வேறு ஏதோ கலக்கிறது. டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை வரலாம். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பால் டீ நிறத்தில் குழைவாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் இறங்கியிருக்கலாம். புகை வடிகட்டி உள்ள புதிய டீசல் கார்களை டவுனுக்குள்ளேயே கொஞ்ச தூரம் கொஞ்ச தூரமாக ஓட்டினாலும் டீசல் ஆயிலில் கலப்பதுண்டு. எதுவானாலும் ஆயில் நீர்த்துப்போய் பிரஷர் விழும், பேரிங் உரசும். காரை ஓட்டிக்கொண்டு போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவர் பார்க்கும்வரை செல்ஃப் அடிக்காதீர்கள்.