பல்கலைக்கழக நூலகர் நாள் முழுவதும் என்ன செய்வார்? எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது அந்த வேலை நிலைக்குமா?

நூலக அறிவியல் முதுகலை சேரலாமா என்ற யோசனையில் இதைக் கேட்டிருக்கிறீர்கள். 16 வருடங்களாக ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது, திரும்ப வாங்கி வைப்பது எல்லாம் வெளியே தெரிகிற வேலை. அதில் பாதியை இப்போது இயந்திரமே செய்துவிடுகிறது. என் நேரம் அதிகம் போவது வேறொன்றில்: வந்து நிற்பவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்.

சென்ற பருவத்தில் ஒரு முதுகலை மாணவி வந்தார். "மேடம், சர்க்கரை நோய் பற்றிய புத்தகங்கள் எங்கே இருக்கின்றன?" என்று கேட்டார். நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி பகுப்பில் நோய்களுக்கான எண் 616. அந்த அலமாரியைக் கைகாட்டிவிட்டு நான் என் வேலையைப் பார்த்திருக்கலாம். "உட்காரும்மா, இதை வைத்து என்ன எழுதப் போகிறாய்?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். இருபது நிமிடம் பேசிய பிறகுதான் விஷயம் வந்தது. இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களுக்குத் தூக்கம் கெடுவதால் ரத்தச் சர்க்கரை கூடுகிறதா என்பது அவருடைய கேள்வி. அதற்கு அந்த அலமாரியில் பதில் இல்லை. அவருக்கு வேண்டியது ஆய்வுக் கட்டுரைகள்.

பிறகு ஏன் 'சர்க்கரை நோய்ப் புத்தகம்' என்று கேட்டார்? ராபர்ட் டெய்லர் என்ற நூலக அறிஞர் 1968-இல் இதை அழகாக விளக்கியிருக்கிறார். ஒரு தேவை முதலில் மனதுக்குள் சொல்லத் தெரியாத ஒரு குறையாக இருக்கிறது. அப்புறம் மங்கலாகப் புரிகிறது. அதற்கடுத்து வார்த்தையாகத் திரள்கிறது. கடைசியில், 'நூலகத்தில் இதெல்லாம் கிடைக்கும் போல' என்று வாசகர் தானே நினைத்து அதற்குத் தக்கபடி கேள்வியை மாற்றிக்கொள்கிறார். நம் மேசைக்கு வந்து சேர்வது இந்த நான்காவது வடிவம்தான். அங்கிருந்து பின்னோக்கி நடந்து முதல் இடத்துக்குப் போவதைத்தான் ரெஃபரன்ஸ் இன்டர்வியூ என்கிறோம். இந்த வேலையில் எனக்கு இன்றும் அலுக்காத பகுதி அது.

சரி, கேள்வி தெரிந்துவிட்டது. அடுத்து அதைத் தேடல் மொழிக்கு மாற்ற வேண்டும். இரவுப் பணி என்பதை ஒருவர் 'நைட் ஷிஃப்ட்' என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 'ஷிஃப்ட் வொர்க்' என்றோ 'ரொட்டேட்டிங் ஷிஃப்ட்' என்றோ எழுதியிருப்பார். ஒரே பொருள் தரும் சொற்களை 'ஆர்' (OR, இதில் ஏதாவது ஒன்று) போட்டு ஒரு குழுவாகச் சேர்க்கிறோம். பணி ஒரு குழு, தூக்கம் ஒரு குழு, ரத்தச் சர்க்கரை ஒரு குழு. பிறகு குழுக்களை 'அண்ட்' (AND, எல்லாமும் வர வேண்டும்) போட்டு இணைக்கிறோம். அன்று முதல் தேடலில் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தது. சொற்களை மாற்றி மாற்றி, படித்து முடிக்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்தபோது மதியம் ஆகிவிட்டது. மருத்துவத் துறையில் முறைசார் மீளாய்வு, அதாவது ஒரு கேள்வியைப் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் முறையாகத் தேடித் தொகுக்கும் கட்டுரை, எழுதுபவர்கள் இதற்காகவே நூலகரைக் குழுவில் சேர்த்துக்கொள்கிறார்கள். கட்டுரையில் அவர் பெயரும் இணை ஆசிரியராக வருவது உண்டு.

பட்டியலாக்கத்தைச் சலிப்பான வேலை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இன்னும் வராத வாசகர் என்ன சொல் சொல்லித் தேடுவார் என்று யோசித்து, அவருக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைப்பதுதான் பட்டியலாக்கம். மருத்துவக் கட்டுரைகளுக்கான தேடல் தளமான பப்மெட்டில் 'ஹார்ட் அட்டாக்' என்று தேடினால், அது பின்னணியில் 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்ற மருத்துவப் பெயரில் உள்ள பொருள் தலைப்பையும் (நூலையோ கட்டுரையையோ எதைப் பற்றியது என்று குறிக்கும் சொல்) சேர்த்தே தேடுகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருப்பதால்தான் அது நடக்கிறது.

தலைப்புச் சொல் வெறும் வசதி மட்டும் இல்லை. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பட்டியலில் 'இல்லீகல் ஏலியன்ஸ்' என்று ஒரு பொருள் தலைப்பு இருந்தது. ஆவணமின்றிக் குடியேறியவர்களைப் பற்றிய நூல்கள் அதன் கீழ் வந்தன. டார்ட்மவுத் கல்லூரி மாணவர்களும் நூலகர்களும் 2014-இல் அதை மாற்றச் சொல்லிக் கோரிக்கை வைத்தார்கள். 2016-இல் மாற்றுவதாக அறிவிப்பு வந்தது. நாடாளுமன்றம் வரை எதிர்ப்பு போனது. கடைசியில் 2021-இல்தான் அந்தத் தலைப்பு மாறியது. ஒரு சொல்லுக்கு ஏழு வருடம். தன் குடும்பத்தைப் பற்றிப் படிக்க வரும் மாணவர் தேடல் பெட்டியில் எந்தச் சொல்லைச் சந்திக்கிறார் என்பதற்காக அவ்வளவு பேர் மெனக்கெட்டது சரி என்றே நான் நம்புகிறேன்.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். நூலகத்தின் பணத்தில் பெரும்பகுதி ஆய்விதழ்களுக்கும் தரவுத்தளங்களுக்கும்தான் போகிறது. ஒவ்வொரு வருடமும் எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்க வேண்டும். பதிப்பாளர்கள் தரும் 'கவுன்டர்' என்ற பயன்பாட்டு அறிக்கையில் எந்த இதழ் எத்தனை முறை பயன்பட்டது என்று இருக்கும். சந்தாத் தொகையை அந்த எண்ணால் வகுத்தால் ஒரு பயன்பாட்டுக்கு எவ்வளவு செலவு என்று வரும். கணக்கு எளிது. ஆனால் அந்தக் கணக்கை மட்டும் நம்பி நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஒரு சின்னத் துறையின் இதழ், வருடத்துக்குப் பதினோரு பதிவிறக்கம். நிறுத்தச் சொல்லிப் பரிந்துரைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். அந்தப் பதினொன்றும் அவருடையவை. அவருடைய துறையில் உருப்படியான இதழ் அது ஒன்றுதான். அவர் கோபப்படவில்லை. "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் சந்தாவைப் புதுப்பிக்கும்வரை, வேறு நூலகங்களில் இருந்து கட்டுரை கட்டுரையாக வரவழைத்துக் கொடுத்தேன். இப்போது எதையும் நிறுத்துவதற்கு முன் துறைக்குத் தொலைபேசியில் பேசிவிடுகிறேன்.

எங்கள் துறையின் பெரியவர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர். அதற்கு முன் கணித ஆசிரியர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலக மாணவர்கள் படிக்கிறார்கள். அதில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. தேர்வுக்கு மனப்பாடம் செய்த அந்த விதி, பதினோரு பதிவிறக்கங்களைப் பார்த்த அன்று எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

பெரிய நூலகங்களுக்கும் இந்தப் பேரம் எளிதாக முடிவதில்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்செவியர் என்ற பெரிய ஆய்விதழ்ப் பதிப்பாளரோடு பேச்சை முறித்துக்கொண்டது. தங்கள் ஆய்வாளர்கள் எழுதுவதை யாரும் இலவசமாகப் படிக்க முடிய வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது. 2021 மார்ச்சில்தான் புது ஒப்பந்தம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆய்வாளர்களுக்கு வேண்டிய புதுக் கட்டுரைகளை நூலகங்களுக்கிடையே இரவல் போன்ற வேறு வழிகளில் தேடித் தரவேண்டியிருந்தது.

இவை போக, ஆய்வேடுகளைக் களஞ்சியத்தில் ஏற்றுவது, ஆய்வேட்டில் வேறு எழுத்துகளோடு ஒத்துப்போகும் பகுதிகளைக் காட்டும் ஒப்புமை அறிக்கை எடுத்துக் கொடுப்பது, வருடாந்திர இருப்புச் சரிபார்ப்பு, கூட்டங்கள், அறிக்கைகள் எல்லாம் உண்டு. அவை எந்த அலுவலகத்திலும் இருப்பவைதான்.

'எல்லாம் இணையத்தில் இருக்கிறதே' என்ற பகுதிக்கு வருகிறேன். இருக்கிறது. இல்லாததும் இருப்பது போலவே இருக்கிறது, அதுதான் சிக்கல். சமீப காலமாக மாணவர்கள் மேற்கோள் பட்டியலோடு வந்து, "இந்தக் கட்டுரை எங்கே தேடினாலும் கிடைக்கவில்லை" என்கிறார்கள். ஆசிரியர் பெயர் உண்மை. இதழின் பெயரும் உண்மை. தொகுதி எண், பக்க எண் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கட்டுரைதான் எழுதப்பட்டதே இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி கோத்துக் கொடுத்தது அது. நான் முதலில் டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணை, இணையத்தில் திறந்து பார்ப்பேன். அப்புறம் அந்த இதழின் அந்தத் தொகுதிக்கே போய், அந்தப் பக்கங்களில் வேறு யார் கட்டுரை இருக்கிறது என்று பார்ப்பேன். இல்லாத ஒன்றை இல்லை என்று உறுதியாகச் சொல்ல, இருப்பதைக் கண்டுபிடிப்பதைவிட அதிக நேரம் ஆகிறது. இதை வைத்து மாணவரை நான் கடிந்துகொள்வதில்லை. அவர் வந்து கேட்டாரே, அதுவே பெரிது.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளும் இப்படித்தான். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 2010-இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் யாராவது அதற்கு முன்பே பிடிஎஃப் எடுத்து வைத்திருந்தால், அந்தக் கோப்பில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற வரி இருக்காது. முதலாண்டு மாணவர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில் பாதி நேரம் இதற்கே போகிறது.

வேலை நிலைக்குமா என்றால், முத்திரை குத்தும் வேலை போய்விட்டது, மற்றது கூடியிருக்கிறது. ஆனால் உங்களுக்குப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி. சேர்வதற்கு முன் அருகில் உள்ள ஏதாவது ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அனுமதி கேட்டு, ரெஃபரன்ஸ் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நோட்டில் இடது பக்கம், வருபவர் முதலில் என்ன கேட்டார் என்று எழுதுங்கள். வலது பக்கம், கடைசியில் எதை எடுத்துக்கொண்டு போனார் என்று எழுதுங்கள். இடையில் நூலகர் என்ன கேட்டார் என்பதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசை வந்தால், தயங்காமல் சேருங்கள்.