ஃப்ளோரிடாவுக்குப் பணம் கட்டுமுன்

மகளின் படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்டு கரூரிலிருந்து வந்த அம்மாவுக்குக் கையில் இரண்டு நாள்தான் அவகாசம். ஃப்ளோரிடாவில் இருக்கும் அவர் அண்ணன் அந்தப் பெண்ணுக்குப் பைலட் பயிற்சிப் பள்ளியே பார்த்துவிட்டார். முன்பணம் கட்ட வேண்டும், வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டார்.

வைக்காதீர்கள். அரைக் கோடிக்கு மேல் போகும் செலவு அது. அங்கே வாங்கும் லைசென்ஸை இங்கே மாற்ற, இந்திய விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏவின் தேர்வுகளை வேறு எழுத வேண்டும். அப்புறமும் வேலைக்கு உத்தரவாதமில்லை.

அதைவிட முக்கியம் உங்கள் மகள். விமானம் ஓட்டுவதைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு வரியில் முடித்துக்கொண்டாள். மாமாவின் நண்பருக்கு வந்த கடிதத்தைப் பற்றி மட்டும் விடாமல் பேசினாள். அவர் பொழுதுபோக்குக்குப் பறப்பவர். அவருக்குத் தேர்வு நடத்திய பரிசோதகர் மேல் சந்தேகம், அதனால் மறுபடி தேர்வு எழுதச் சொல்லிவிட்டது, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ. அமெரிக்கச் சட்டத்தின் 44709ஆம் பிரிவு அதற்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. மறுத்தால் லைசென்ஸ் முடங்கும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பியின் நீதிபதியிடம் முறையிடலாம். ஆனால் அங்கே விசாரிப்பது நீங்கள் நன்றாக ஓட்டுகிறீர்களா என்பதையல்ல, அதிகாரியின் சந்தேகம் நியாயமானதா என்பதை. 2018 திருத்தத்துக்குப் பிறகு, காரணத்தை விவரமாக முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். கடிதத்தில் காரணம் சொன்ன வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, "அந்த லெட்டர்ல காரணம்னு ஒரே வரிதானே சார் இருக்கு, இது போதுமா?" என்று என்னையே கேட்டாள். பதினேழு வயசு!

இவளை ஏன் காக்பிட்டில் உட்கார வைக்கிறீர்கள்?

சென்னை பெருங்குடியில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி இருக்கிறது. ஐந்தாண்டு ஹானர்ஸ் படிப்பு; பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கை. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குத்தான் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பட்டம் முடித்தபின் ஹைதராபாத் நல்சாரில் விமானச் சட்டத்துக்கென்றே முதுநிலை டிப்ளமோ படிக்கலாம். 1934ஆம் வருடத்து விமானச் சட்டம் போய், அதற்குப் பதிலான புதிய சட்டம், பாரதிய வாயுயான் அதினியம், 2025 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. அதை ஊன்றிப் படிப்பவர்களுக்கு விமான நிறுவனங்களின் சட்டப் பிரிவிலும், குத்தகைக்கு விமானம் விடும் கம்பெனிகளிலும், பைலட்டுகளின் வழக்குகளிலும் இடமுண்டு. ஜூனியராக இருக்கும் முதல் சில வருடங்கள் வருமானம் சொற்பம்தான், மறைக்கவில்லை. ஆனால் வீட்டுப் பத்திரம் உங்கள் பீரோவிலேயே இருக்கும்.

அமெரிக்காவில் வாதாட அங்கே தனியாகத் தேர்வு எழுத வேண்டும். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

அண்ணன் கோபித்துக்கொள்வார் என்கிறீர்கள். அவர் நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன். முன்பணம் மட்டும் கட்டாதீர்கள்.