டாக்டரை மாத்திடலாமா?

கேள்வி: எங்க ஆத்தாவுக்கு 76 வயசு. ஒரு வருஷமாவே மறதி, இப்ப நடுராத்திரி எந்திரிச்சு இடுப்புல சாவிக்கொத்தைத் தேடுறாக, மலாயாவுலேருந்து எங்க அப்பச்சி வந்துட்டாக கதவைத் திறங்கன்னு முகப்புக்குப் போயிடுறாக. 30 வருஷமா பாக்குற டாக்டர் வயசானா அப்படித்தான்னு சத்து மாத்திரை குடுத்தாரு. எங்க காட்டுறது, வீட்ல எப்படிப் பாத்துக்கிறதுன்னு கேட்டா மதுரைக்குப் போங்கன்னு மட்டும் சொல்றாரு. டாக்டரை மாத்திடலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: மாத்தாதீங்கம்மா. ஆத்தாவோட சுகர், பிரஷர், பழைய ஆபரேஷன் எல்லாம் தெரிஞ்ச மனுஷன் அவர் ஒருத்தர்தான். டிமென்ஷியாங்கிற இந்த மறதி நோய்க்குக் குடும்பத்தை எங்க அனுப்புறதுங்கிறது நிறைய டாக்டர்களுக்குத் தெரியல, ஆனா வயசானா அப்படித்தான்னு விடுறதை மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். திரும்பப் போங்க, ஒரு மாசமா நடந்ததை எல்லாம் தேதி போட்டு எழுதி, சாப்பிடுற மாத்திரை அத்தனையும் தூக்க மாத்திரை உட்பட பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. தைராய்டு, பி12, சோடியம் டெஸ்ட் கேளுங்க, கீழ விழுந்து தலையில அடிபட்டிருந்தா அதையும் சொல்லுங்க, ஏன்னா இதுல சிலது சரி பண்ணக்கூடிய காரணம். அப்புறம் சிவகங்கை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ஒரு லெட்டர் வாங்கிக்கோங்க, மதுரை அப்புறம் பாத்துக்கலாம்.

ராத்திரில தவிச்சுப் போனா 14416, டெலிமானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வர்ற அம்மாகிட்டயும் சொல்லி வைங்க. பிள்ளைக யாராச்சும் சென்னைல இருந்தா அங்க ஸ்கார்ஃப்ங்கிற மனநல அமைப்புல டிமென்ஷியாவுக்குன்னே தனியா பாக்குறாங்க, எப்படிப் பாத்துக்கணும்னு அங்க கேட்டு வந்து உங்களுக்குச் சொல்லட்டும்.

ஒண்ணு, அப்பச்சி போய் எத்தனையோ வருஷமாச்சுன்னு ஆத்தாகிட்ட சொல்லாதீங்க. ஒவ்வொரு தடவையும் இப்பத்தான் சாவு சேதி வந்த மாதிரி அழுவாக. அப்பச்சிக்கு என்ன சமைச்சு வைக்கலாம்னு கேட்டு மெதுவா உள்ள கூட்டிட்டு வாங்க. அப்புறம் நம்ம செட்டிநாட்டுப் பக்கம் வீட்டு முகப்பு ஒரு தெருவுல, கொல்லைக் கதவு அடுத்த தெருவுல, எல்லாரும் முன்கதவைப் பூட்டிட்டு பின்கதவை விட்டுடுறோம். பின்தெருக்காரவுககிட்டயும் விவரத்தைச் சொல்லி உங்க நம்பரைக் குடுத்துடுங்க.

சிவகங்கை போய்ட்டு வந்ததும் அங்க எந்தக் கிழமை யாரைப் பாக்கணும்னு ஒரு சீட்டுல எழுதி, இந்த ரெண்டு நம்பரையும் சேத்து உங்க டாக்டர் கையில குடுங்க, மேஜைக் கண்ணாடிக்கு அடியில வைக்கச் சொல்லுங்க. அடுத்து ஒரு ஆத்தாவைக் கூட்டிட்டு வர்ற மகளுக்கு அதை எடுத்துக் காட்டுவாரு.