கேள்வி பதில்: நூவ் ஷாப்பெல்லில் விழுந்த கபர் சிங் நேகி

கேள்வி: முதல் உலகப் போரில் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கிய கர்வால் வீரர் நேகி களத்திலேயே இறந்தார் என்று ஒரு புத்தகத்திலும், ஊர் திரும்பினார் என்று இன்னொன்றிலும் படித்தேன். எது சரி? (தேனி வாசகர்)

பதில்: இரண்டும் சரி. ஆள்தான் வேறு வேறு. ஊர் திரும்பியவர் நாயக் தர்வான் சிங் நேகி. பிரிட்டிஷ் இந்தியப் படையின் 39ஆவது கர்வால் ரைபிள்ஸில் முதல் பட்டாலியன்காரர். 1914 நவம்பரில் பிரான்ஸின் ஃபெஸ்ட்யுபேர் சண்டையில் விருது பெற்றவர். களத்தில் விழுந்தவர் ரைபிள்மேன் கபர் சிங் நேகி, இரண்டாம் பட்டாலியன். இன்றைய உத்தராகண்டின் தெஹ்ரி கர்வாலில் சம்பாவை அடுத்த கிராமத்தில் 1895 ஏப்ரல் 21 அன்று பிறந்தவர். 1913 அக்டோபரில் படையில் சேர்ந்தார். மறு ஆண்டே பிரான்ஸ். 1915 மார்ச் 10 அன்று அங்கே நூவ் ஷாப்பெல் சண்டையில் உயிர் போனபோது அவருக்கு 20 வயது நிறையவில்லை.

கேள்வி: ஜெர்மானியரின் பதுங்குகுழிக்குள் ஒவ்வொரு திருப்பத்தையும் முதல் ஆளாகச் சுற்றிப் போனார் என்கிறது விருதுக் குறிப்பு. அது அவ்வளவு பெரிய காரியமா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: அந்தக் குறிப்பின் உயிரே அந்த வரிதான். பதுங்குகுழியை நேர்கோட்டில் வெட்டமாட்டார்கள். சில மீட்டருக்கு ஒருமுறை கெட்டியான மண்திட்டு ஒன்றைக் குறுக்கே விட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போகும்படி வளைத்து வெட்டுவார்கள். நேர்க்குழி என்றால் ஒரு முனையில் நிற்பவன் மறுமுனை வரை சுட்டுத் தள்ளிவிடுவான். விழும் குண்டின் சிதறலும் நீளத்துக்கும் பாயும். மண்திட்டு இருந்தால் சேதம் அந்த ஒரு அறையோடு நிற்கும்.

அதையே தாக்கிப் பிடிப்பவன் நிலையில் இருந்து பாருங்கள். ஒவ்வொரு திட்டுக்குப் பின்னாலும் யார், எத்தனை பேர் என்று தெரியாது. தாக்குபவர்களில் பின்னால் நிற்பவர் கைக்குண்டைத் திட்டுக்கு மேலாக வீசுவார். அது வெடித்த கையோடு, புகை அடங்குமுன், கத்தி மாட்டிய துப்பாக்கியோடு ஒருவர் திரும்பிப் பாய வேண்டும். குழியோ குறுகல், முன்னால் போக ஓர் ஆளுக்குத்தான் இடம். 17 அங்குலக் கத்தியை மாட்டினால் துப்பாக்கி ஐந்தடியைத் தாண்டும். வளைவில் அதைத் திருப்புவதே பாடு.

குண்டையும் நம்ப முடியாது. ஆலையில் செய்த மில்ஸ் கைக்குண்டு அப்போது பரவலாகக் கைக்கு வரவில்லை. தகர டப்பாவில் வெடிமருந்து அடைத்துத் திரி வைத்தவை புழங்கிய காலம். திரி நனைந்தால் பற்றாது. குட்டையாக நறுக்கினால் கையிலேயே வெடிக்கும். நீளமாக விட்டால் எதிரி எடுத்துத் திருப்பி எறிவான். இத்தனைக்கும் நடுவே ஒரு திருப்பத்தில் அல்ல, ஒவ்வொன்றிலும் முதல் ஆளாகப் போனார் அந்தப் பையன். எதிரிகள் பின்வாங்கிக் கடைசியில் சரணடைந்தார்கள். அந்தச் சண்டையிலேயே அவர் விழுந்தார்.

அன்று காலை 7.30க்குத் தொடங்கிய பிரிட்டிஷ் பீரங்கி வீச்சு 35 நிமிடம். முள்கம்பி அறுந்த இடத்தில் காலாட்படை உள்ளே புகுந்தது. முதல் பட்டாலியனோ திசை தவறி வலப்புறம் விலகி, அறுபடாத கம்பியில் போய் மாட்டிப் பெரும் இழப்பைச் சந்தித்தது. ஒரே படைப்பிரிவு, ஒரே காலை. கம்பி அறுந்ததா இல்லையா என்பது எத்தனை உயிர்களைத் தீர்மானித்தது!

கேள்வி: அவர் கல்லறை எங்கே? (கோவை வாசகர்)

பதில்: தனிக் கல்லறை கிடையாது. நூவ் ஷாப்பெல் இந்திய நினைவகத்தில் பெயர் பொறித்திருக்கிறது. 1927 அக்டோபர் 7 அன்று திறந்த வட்ட வடிவ நினைவகம் அது. அடக்கமான இடம் தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்கே உள்ளன. சுமார் 15 மீட்டர் தூண், உச்சியில் தாமரை, இருபுறமும் கல் புலிகள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுபவர்கள் 'கபர்' என்று மட்டும் தேடிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அன்றைய ஆங்கில ஆவணங்களில் அவர் பெயர் 'கோபர் சிங்' என்று பதிவானது. 'நேகி' என்ற குடும்பப் பெயரோடு 39ஆவது கர்வால் ரைபிள்ஸையும், 10 மார்ச் 1915 என்ற தேதியையும் சேர்த்துத் தேடுங்கள். சம்பாவிலும் அவருக்கு நினைவிடம் உண்டு. ஏப்ரலில் அவர் பிறந்தநாளை ஒட்டி அங்கே மேளா நடக்கிறது.