கார்ப்பென்டர்ஸ் அவ்வளவு சாதுவா?

கேள்வி: அமெரிக்க அண்ணன் தங்கை இசைக்குழுவான கார்ப்பென்டர்ஸின் பாட்டென்றால் தாலாட்டுத்தானே? போன இதழில் அவர்களை றொக் பட்டியலில் சேர்த்துவிட்டீர்களே!
– வாசகர் ஒருவர், மல்லாவி

பதில்: சேர்த்தது சேர்த்ததுதான். 1972இல் வந்த ‘குட்பை டு லவ்’ பாட்டை ஒருக்கால் முழுதாகக் கேளுங்கள். கரன் கார்ப்பென்டர் உருகி உருகிப் பாடிக்கொண்டிருக்க, நடுவில் டோனி பெலூசோவின் கிற்றார் மரம் அரிகிற வாள் மாதிரிக் கரகரத்துக்கொண்டு புகும். கடைசியில் திரும்பவும் வரும். பிறகு பாட்டு முடியும்வரை விடாது. இது என்ன அநியாயம் என்று ரசிகர்கள் சிலர் கோபித்துக் கடிதமே எழுதினார்கள். கரனும் லேசுப்பட்டவர் இல்லை. முதலில் ட்ரம்ஸ் அடித்தவர், அப்புறம்தான் பாடகி.

நான் இதைக் கேட்டது தொண்ணூறுகளில், புதுக்குடியிருப்பில். கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை கசற் றேடியோவில் கொழுவி, தம்பி கையால் பெடலைச் சுற்றுவான். அவன் கை சோர்ந்தால் கரனின் குரல் ஆம்பிளைக் குரலாக இழுபடும். கிற்றார் தொடங்கியதும் பெடலை விட்டுவிட்டு வயரை மணந்து பார்த்தான்.

“அண்ணை, றேடியோ எரியுது போல.”

“அது பாட்டடா, சுத்து!”