சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில்

வணக்கம் சார்,

கிழக்குக் காங்கோவில் கோல்டான் என்ற கனிமத்துக்காக நடக்கும் சண்டையைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். நம் செல்போனில் இருக்கும் டான்டலம் என்ற உலோகம் அந்தக் கோல்டானிலிருந்துதான் வருகிறதாம். அதிலிருந்து போனைத் தொடவே கூசுகிறது. வாங்கவே மாட்டோம் என்று எல்லாரும் நின்றால் சண்டை ஓய்ந்துவிடாதா? அவ்வளவு வளம் இருந்தும் அந்த மக்கள் ஏன் இப்படிச் சாகிறார்கள்?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

வாங்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்தாகிவிட்டது. 2010 செப்டம்பரில் காங்கோவின் அப்போதைய அதிபர் ஜோசப் கபிலா, கிழக்கிலுள்ள வட கிவு, தென் கிவு, மணியெமா மாகாணங்களில் கையால் தோண்டும் சுரங்க வேலைக்குத் தடை போட்டார். அதே ஆண்டு, கனிமம் எங்கிருந்து வந்தது என்று நிறுவனங்கள் கணக்குக் காட்ட வேண்டும் என அமெரிக்காவில் சட்டம் வந்தது. எதற்கு வம்பு என்று வாங்குகிறவர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். அடிபட்டது குழியில் இறங்கிப் பிழைத்தவரும், அவருக்கு மரவள்ளி மாவு விற்றவரும்தான். துப்பாக்கிக்காரர்களில் பலர் தங்கத்தின் பக்கம் நகர்ந்தார்கள். தங்கத்தைச் சட்டைப்பையில் வைத்தே எல்லை தாண்டிவிடலாமே. 2011 மார்ச்சில் தடையை எடுத்துவிட்டார்கள்.

சுரங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் போரில் பாதிதான் தெரியும். சாலையைப் பாருங்கள். குறுக்கே ஒரு மூங்கில் அல்லது கயிறு, பக்கத்தில் துப்பாக்கியோடு இரண்டு பேர். 2017-இல் வந்த ஓர் ஆய்வு இரண்டு கிவு மாகாணங்களிலும் இப்படிக் கிட்டத்தட்ட 800 தடைகளை எண்ணியது. கிளர்ச்சிக்காரர்கள் மட்டுமல்ல, அரசு ராணுவமும் பல இடங்களில் நின்று காசு வாங்கியது. கோல்டான் மூட்டை மட்டும் இதில் சிக்குவதில்லை. சுக்குடு என்று ஒரு மரவண்டி உண்டு. இரண்டு மரச்சக்கரம், ஒரு ஹேண்டில்பார், பிரேக்குக்குப் பழைய டயர் துண்டு. அதில் உருளைக்கிழங்கு ஏற்றி வருகிறவரும் கொடுக்க வேண்டும், முதுகில் கரிமூட்டை சுமக்கும் பெண்ணும் கொடுக்க வேண்டும். சந்தைக்குப் போகிற யாரையும் விடுவதில்லை. உலகச் சந்தையில் டான்டலம் விலை சரிந்தாலும் இந்த வரும்படி நிற்காது.

வட கிவுவில் கோல்டான் சுரங்கங்கள் உள்ள ரூபாயா என்ற ஊரை எம்23 என்ற கிளர்ச்சிப் படை 2024 ஏப்ரலில் பிடித்தது. உலக டான்டலத்தில் சுமார் 15 சதவீதம் அங்கிருந்து வருவதாக மதிப்பிடுகிறார்கள். கோல்டான் மீது போடும் வரியில் மட்டும் மாதம் சுமார் 8 லட்சம் டாலர் எம்23-க்குக் கிடைத்தது என்றது ஐ.நா. நிபுணர் குழு. லாரி போக வழியை அகலப்படுத்தும் வேலையை ஊர்க்காரர்கள் கூலியில்லாமல் செய்தார்கள், மாட்டோம் என்று சொல்ல அவர்களால் முடியாது.

வளம் இருந்தும் ஏன் என்கிறீர்கள். சண்டை வளத்தில் தொடங்கவில்லை. வட கிவுவின் மசிசி மலைகளில் நிலம் யாருக்கு, யார் இந்த நாட்டுக் குடிமகன் என்ற தகராறு கோல்டான் விலை எகிறிய 2000-க்கு வெகு முந்தையது. 1994 ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின் எல்லை தாண்டி வந்த லட்சக்கணக்கானவர்களோடு, கொன்றவர்களும் ஆயுதத்தோடு வந்தார்கள். அப்புறம்தான் மண்ணுக்கடியில் இருந்தது செலவுக்குக் கைகொடுத்தது.

2025 ஜனவரியில் வட கிவுவின் தலைநகரான கோமா எம்23 கையில் விழுந்தது. சுற்றியிருந்த முகாம்களில், கருத்த எரிமலைப் பாறை மேல் தார்ப்பாய் கட்டிக் கிடந்தவர்களை 72 மணி நேரத்தில் ஊருக்குக் கிளம்பச் சொன்னார்கள். எந்த ஊருக்கு, எந்த வீட்டுக்கு என்பதெல்லாம் அவரவர் பாடு. விமான நிலையமும் வங்கிகளும் மூடிவிட்டன. நீங்கள் தொடக் கூசும் அதே போன்தான் அதன்பின் அங்கே பலருக்கு வங்கி. நாட்டின் தலைநகர் கின்ஷாசாவிலிருந்து தம்பி அனுப்பும் பணம் அதில்தான் வரும். அதை ரொக்கமாக மாற்றித் தரும் கடைக்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மீதியை நீட்டுவார்.

ஆகவே போனைத் தாராளமாகத் தொடுங்கள். கெட்டுப்போகும்வரை மாற்றாமல் இருந்தால் சரி.