பாங்காக் செல்லும் பெற்றோருக்கு

கேள்வி: ஓய்வுபெற்ற என் பெற்றோர் முதன்முறையாகத் தாய்லாந்துக்குச் சுற்றுலா செல்கிறார்கள். பாதுகாப்புக்காக எவற்றைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, திருமங்கலம்

பதில்: பாங்காக் அரண்மனைக்கு அருகில், “இன்று அரண்மனை மூடியிருக்கிறது” என்று கனிவாகச் சொல்லி, மிகக் குறைந்த கட்டணத்துக்குத் துக்-துக் வண்டியில் ஏற்றி, இரத்தினக்கல் கடையில் கொண்டுபோய் இறக்கிவிடுவது அங்கு நெடுங்காலமாக நடந்துவரும் மோசடி. மீனாட்சியம்மன் கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர், வழியில் யாரோ சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிடாமல் கோபுர வாசல்வரை சென்று பார்ப்பதைப் போல, உங்கள் பெற்றோரும் நுழைவுச்சீட்டு தரும் இடம்வரை நடந்து சென்று விசாரிக்க வேண்டும்.

பட்டாயா கடற்கரையில் வாடகை ஜெட் ஸ்கீயில் (கடல்நீரில் ஓட்டும் ஸ்கூட்டர்) முன்பே இருந்த கீறலுக்கு நஷ்டஈடு கேட்டு மிரட்டுவோர் உண்டு. ஏறுவதற்கு முன் அதைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. எந்தக் காரணத்துக்காகவும் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்கக் கூடாது என்பதை நான் மிகவும் வற்புறுத்துகிறேன். அது தொலைந்தால், காவல் நிலையத்தில் புகார் அளித்து அதன் நகலுடன் பாங்காக்கிலுள்ள இந்தியத் தூதரகத்தை அணுகினால், நாடு திரும்புவதற்கான அவசரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155. இதைக் கைப்பேசியில் மட்டுமன்றி, இருவரின் சட்டைப்பையிலும் கைப்பையிலும் தாளில் எழுதி வையுங்கள். முன்பின் தெரியாதவர் தரும் பொட்டலத்தை விமான நிலையத்தில் வாங்கவே வேண்டாம்; போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கு தண்டனை மிகக் கடுமையானது.